வடகோடி மீன்நகரங்களில் ஒரு தமிழ்த் தலைமுறை

ஒரு மாநிலத்தின் எல்லை முடிகிற இடத்தில் பல மொழிகள் ஒன்றையொன்று சந்திக்கின்றன. ஒசூர் அத்தகையதோர் ஊர். 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலித்த இவ்வூர் சென்னை மாநிலத்தின் விளிம்பில் நின்றது. பின்னர் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. 1980-களில் ஊர்திகளும் கைக்கடிகாரங்களும் செய்யும் பெருந்தொழிற்சாலைகள் இயங்கலாயின. தென் மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த இளைஞர்கள், ஷிப்டு முடிந்து திரும்பிய வாடகை அறைகளில், தமிழ்நாட்டுக்குள்ளேயே அயலூர்க்காரராய் வாழத் தொடங்கினர். தொழிற்சாலை ஊரில் மொழி எவ்வாறு வாழ்கிறது என்னும் வினா அன்றிலிருந்து இப்பகுதிக்கு உரியதாயிற்று.

இவ்வினாவை இதைவிடக் கடுமையான வடிவில் எதிர்கொண்ட தமிழர்கள் உண்டு. அவர்கள் வாழ்ந்த இடம் உலகின் வடகோடி. ஆர்க்டிக் பகுதியில் இந்தியாவின் தடம் என்றால், 2008-ஆம் ஆண்டு ஸ்வால்பார்டு தீவில் அமைக்கப்பட்ட ‘ஹிமாத்ரி’ ஆய்வுநிலையமே பலர் நினைவுக்கு வரும். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே நார்வே நாட்டின் வடக்கு எல்லை மாவட்டமாகிய ஃபின்மார்க்கில், துருவ வட்டத்துக்கு நெடுந்தொலைவு அப்பால், ஈழத்தமிழ் இளைஞர்கள் மீன் தொழிற்சாலைகளில் நின்றுகொண்டிருந்தனர். அவர்களுடைய வரலாறு தமிழகத்தில் அதிகம் எழுதப்பட்டதில்லை.

மரமற்ற கடற்கரை

ஒசூர் 12 பாகை வட அகலக்கோட்டை ஒட்டியுள்ளது. ஹாமர்ஃபெஸ்ட், வார்டோ, போட்ஸ்ஃபியோர்டு ஆகிய ஃபின்மார்க் ஊர்கள் 70 பாகைக்கும் வடக்கே அமைந்தவை. வார்டோ ஒரு சிறு தீவு. கிழக்கில் அது இஸ்தான்புல் நகரையும் கடந்து நிற்கிறது. கடற்காற்றின் கடுமையால் அங்கே மரங்கள் தழைப்பதில்லை. நவம்பர் இறுதிவாரம் முதல் சனவரி மூன்றாம் வாரம் வரை ஞாயிறு அடிவானத்துக்கு மேல் எழுவதில்லை. நண்பகலில் சிறிது நேரம் நீலநிற மங்கல் ஒளி மட்டும் பரவும். மே நடுப்பகுதி முதல் சூலை இறுதி வரை ஞாயிறு மறைவதே இல்லை. வைகறை முதல் யாமம் வரை சிறுபொழுது ஆறெனப் பகுத்த இலக்கண மரபில் வந்தவர்களுக்கு, இரண்டு மாதம் நீளும் ஒரே யாமமும் அதற்கு ஈடான ஒரே பகலும் எத்தகைய திகைப்பைத் தந்திருக்கும் என்பதைக் கவிஞர்கள் எளிதில் உணர்வர்.

இத்தனை வடக்கே மனிதர் ஊரமைத்து வாழ்வதற்குக் கடலே காரணம். அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெந்நீரோட்டத்தால் இத்துறைமுகங்கள் குளிர்காலத்திலும் உறைவதில்லை. அருகிலுள்ள பேரண்ட்ஸ் கடல் காட் மீனுக்குப் பெயர்பெற்றது. மருந்துக்கடைகளில் மீனெண்ணெயாக விற்கப்படுவது இம்மீனின் ஈரலிலிருந்து எடுக்கப்படுவதே. அங்கும் கருவாடு உண்டு. ஆயின் உப்பும் வெயிலும் இன்றி, மரச் சட்டங்களில் தொங்கவிடப்பட்டு, குளிர்காற்றிலேயே அது உலர்கிறது.

ஃபின்மார்க் பழைமையான பன்மொழி நிலம். ஆதிகுடிகளான சாமி மக்களும், பின்னிய மொழி வழிவந்த குவேன் மக்களும், நார்வேஜியரும் அங்கே உடன் வாழ்ந்தனர். ரஷ்யாவின் வெண்கடற்கரையிலிருந்து மாவும் மரமும் ஏற்றிவந்த கப்பல்கள் மீனை ஏற்றிச் சென்றன. பதினெட்டாம் நூற்றாண்டு முதல் 1917 ரஷ்யப் புரட்சி வரை நீடித்த இவ்வணிகத்தில் ‘ருஸ்ஸெநோர்ஸ்க்’ என்னும் கலப்புமொழி பிறந்தது. சில நூறு சொற்களே கொண்ட அம்மொழிக்கு அதைப் பேசியோர் இட்ட பெயர் ‘மோயா போ த்வோயா’ என்பதாகும். ‘என்னுடையது உன்னுடையதில்’ என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இரு தரப்பினரும் எதிரிருப்பவரின் மொழியையே தாம் பேசுவதாகக் கருதினர் என்பது இதனால் விளங்குகிறது. எல்லையூர்ச் சந்தைகளை அறிந்தோர்க்கு இது புதுமையன்று.

அந்நிலத்து மக்களும் ஏதிலிகளாக இருந்தவர்களே. 1944-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஃபின்மார்க்கின் ஊர்களை எரித்துச் சென்றது. ஏறத்தாழ 50,000 மக்கள் கட்டாயமாகத் தெற்கே வெளியேற்றப்பட்டனர். எஞ்சியோர் குகைகளிலும் மண்குடில்களிலும் குளிர்காலத்தைக் கழித்தனர். ஹாமர்ஃபெஸ்ட் நகரில் ஒரு சிறு கல்லறைக் கோயில் தவிர யாவும் சாம்பலாயின. இன்று காணும் வீடுகள் போருக்குப்பின் எழுப்பப்பட்டவை.

குருநகரிலிருந்து

ஒசூரின் எல்லை வரையறுக்கப்பட்ட அதே 1956-இல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராசேந்திரம் நார்வே சென்றடைந்தார். ஒன்றின் விளைவு மற்றொன்று அன்று. எனினும் பிற்காலத்தில் இரண்டும் ஒரே ஓட்டத்தில் கலந்தன. நார்வேயில் குடியேறிய முதல் தமிழர் எனக் கருதப்படும் இராசேந்திரம் அங்கே மீன்பிடித் தொழிலைக் கற்றார். 1967-இல் நார்வே நண்பர்களின் துணையுடன் ‘சீநோர்’ என்னும் வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கினார். காரைநகரில் படகு கட்டும் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அதன்வழி உருவாயின. நார்வேயின் தொழில்நுட்பம் முதலில் யாழ்ப்பாணத்து மீனவர்க்குச் சென்றது. அதே வழியில் யாழ்ப்பாணத்து இளைஞர் பின்னர் நார்வே வந்தனர்.

1970-களின் தொடக்கத்தில் இலங்கையில் பல்கலைக்கழகச் சேர்க்கையில் புகுத்தப்பட்ட தரப்படுத்தல் முறை, கல்வியே வாழ்வென்றிருந்த தமிழ் மாணவரின் கதவை அடைத்தது. 1975-இல் நார்வேயும் வெளிநாட்டுத் தொழிலாளர் வருகைக்குத் தடை விதித்தது. ஆயினும் மாணவராக வருவதற்கு வழி இருந்தது. ‘மக்கள் உயர்பள்ளிகள்’ எனப்படும் உறைவிடப் பள்ளிகள் அந்நாட்டில் உள்ளன. அங்கே தேர்வு கிடையாது, பட்டமும் கிடையாது, கூடி வாழ்ந்து கற்பதே நோக்கம். தேர்வு மதிப்பெண்ணால் வாழ்வு மறுக்கப்பட்ட தலைமுறை தேர்வே இல்லாத பள்ளிகளின் வழியே அயல்நாட்டில் நுழைந்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1983 சூலை இனப்படுகொலைக்குப் பின்னர் மாணவர் வருகை ஏதிலியர் வருகையாக மாறியது. 1980-களின் பிற்பகுதியில் தஞ்சம் கோருவோர் பெருகினர். அந்நேரத்தில் ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகள் ஆளின்றித் தவித்தன. போருக்குப்பின் எழுப்பப்பட்ட குளிர்பதனத் தொழிற்சாலைகளில் உள்ளூர்ப் பெண்டிர் பணியாற்றினர். பின்னர் பின்லாந்திலிருந்து பெண்கள் வரவழைக்கப்பட்டனர். உள்ளூர் இளையோரோ கல்வி தேடித் தெற்கே சென்று திரும்பாதிருந்தனர். வெற்றிடமான அவ்வரிசையில் தமிழர் வந்து நின்றனர்.

மீன்சாலையின் வரிசை

வேலை கடினமானது, ஆயின் கற்பதற்கு எளிது. இரப்பர் காலணியும் வெள்ளை மேலங்கியும் தலைவலையும் அணிந்து, ஈரமும் குளிரும் மிக்க கூடத்தில் பல மணிநேரம் நிற்க வேண்டும். ஒளியூட்டப்பட்ட மேசைமேல் மீன்துண்டத்தை விரித்து, முள்ளும் புழுவும் நீக்கி, அளவாக அரிந்து, பெட்டியில் அடுக்க வேண்டும். எடையும் விரைவும் கணக்கிடப்படும். இயந்திரங்களின் இரைச்சலில் பேச்சுக்கு இடமில்லை. பல்லாண்டு ஒரே வரிசையில் நின்றும் நார்வேஜிய மொழியைச் சரளமாகப் பேச முடியாதவர் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வேலையில் மற்றொரு சுமையும் மறைந்திருந்தது. யாழ்ப்பாணத்துச் சமூகத்தில் மீன்தொழிலைத் தாழ்வாகக் கருதும் சாதிப் பார்வை வேரூன்றியிருந்தது. அலுவலராகவோ மருத்துவராகவோ வருவார் எனக் குடும்பம் காணிவிற்று அனுப்பிய மைந்தர், ஊரில் தம் வீட்டார் தொடத் தயங்கிய தொழிலை ஏற்றனர். அந்த ஊதியத்தில்தான் ஊரில் தங்கையின் திருமணம் நடந்தது. தம்பியின் பயணச்செலவும் அதிலிருந்தே வந்தது. தம் வேலை இன்னதென ஊருக்கு எழுதாதோர் பலர். சாதி கடல் கடந்தும் மறையவில்லை. ஆயினும் ஒரே கத்தி, ஒரே மேசை, ஒரே ஊதியம் என்ற நிலை அதன் ஆணவத்தை ஓரளவேனும் தேய்த்தது என்று கொள்ளலாம். நார்வேத் தமிழரைப் பற்றி 1999-இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் ஓய்விந்து ஃபுக்லரூடு, புலம்பெயர் வாழ்வில் பழைய மதிப்புநிலைகளும் புதிய தொழில்நிலைகளும் மோதுவதை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

உடல் பேசிய மொழி

தமிழர்க்கு அவ்வூர்களில் வேலை இருந்தது. சூடேற்றிய வீடு இருந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளியும் இலவச மருத்துவமும் இருந்தன. உள்ளூர் மக்கள் பொதுவாக நல்லெண்ணம் உடையோராகவே இருந்தனர். எனினும் அங்குள்ள மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தனர். தலைவலி, தோள்வலி, உடற்சோர்வு எனத் தமிழர் அடிக்கடி மருத்துவமனைக்கு வந்தனர். சோதனைகளில் நோய் ஏதும் புலப்படவில்லை.

இதனை ஆராய முற்பட்டவர் ஆன் சிக்ஃப்ரிட் குரோன்செத் என்னும் மானிடவியலாளர். ஃபின்மார்க்கின் மீன்பிடி ஊரொன்றில் தமிழ்க் குடும்பங்களிடையே தங்கி, அவர்களுடன் பழகி, அவர்தம் வாழ்வைப் பதிவு செய்தார். அவருடைய நூல் 2010-இல் வெளிவந்தது. அவ்வலி வெறும் குளிராலோ உழைப்பாலோ வந்தது மட்டும் அன்று என்பது அவர் ஆய்வின் சாரம். ஊரில் ஒருவர் இன்னாரின் மகள், இன்னாரின் அண்ணி, இன்ன கோயில் திருவிழாவில் இன்ன பங்குடையவர் என உறவுகளால் அறியப்பட்டார். வடகோடி ஊரிலோ அவர் ‘தமிழர்’ என்ற ஒற்றைப் பெயரில் அடங்கினார். அண்டைவீட்டார் புன்னகைத்தனர், வீட்டுக்கு அழைக்கவில்லை. நார்வேஜியர் தமக்குள்ளும் அழைப்பின்றி ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் நுழையாதவர் என்பதைத் தமிழர் அறிய நாளாயிற்று. தம்மை இன்னார் என அறிந்து பெயர்சொல்லி அழைப்பார் குறைந்தபோது, சொல்லில் வெளிப்பட இயலாத அந்த இழப்பு தோளிலும் தலையிலும் வலியாகத் தங்கியது.

இருண்ட மாதங்களில் தமிழ்க் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடின. சோறும் மீன்குழம்பும் சமைத்து, ஒளிநாடாவில் தமிழ்த் திரைப்படம் பார்த்தனர். காட் மீன் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளுடன் அடுப்பேறியது. பிறந்தநாளும் பூப்பு நீராட்டும் அரங்கு அமர்த்திக் கொண்டாடப்பட்டன. ஆயின் சிறிய ஊரில் ஆட்கள் சிலரே. இரு குடும்பங்கள் வேறிடம் சென்றால் கூட்டமே குலைந்தது.

தெற்கு நோக்கி

கடலும் கைவிட்டது. பேரண்ட்ஸ் கடலில் காட் மீன் வளம் சரிந்தமையால் 1989, 1990 ஆண்டுகளில் மீன்பிடி அளவு கடுமையாகக் குறைக்கப்பட்டது. தொழிற்சாலைகள் பல முடங்கின. மக்கள் வெளியேறுவதைத் தடுக்க நார்வே அரசு 1990-இல் ஃபின்மார்க்குக்கு வரிச்சலுகைகளும் கல்விக்கடன் தள்ளுபடியும் அறிவித்தது. ஆயினும் அப்பிறந்த மண்ணின் மைந்தரே நிற்கவில்லை. வார்டோவின் மக்கள்தொகை 1960-களில் இருந்ததில் இன்று ஏறத்தாழப் பாதியே.

மீன்வளம் மீண்ட பின்னரும் தமிழர் தெற்கு நோக்கிச் சென்றனர். ஓஸ்லோவில் அவர்க்குக் கிடைத்தது பெரும்பாலும் துப்புரவு வேலையும் உணவக வேலையுமே, வீட்டுவாடகையோ மிகுதி. பொருளியல் கணக்கில் பலர்க்கு அது இழப்பு. பிறகு ஏன் சென்றனர்? ஓஸ்லோவில் முருகன் கோயில் இருந்தது. வார இறுதியில் தமிழ் கற்பிக்கும் பள்ளி இருந்தது. திருமணத்துக்கு அழைக்க நானூறு பேர் இருந்தனர். பிள்ளை தமிழில் பேசினால் விடைசொல்லும் வேறொரு பிள்ளை இருந்தது. குளிரை அவர்கள் கம்பளியால் வென்றனர். இருளை விளக்கால் வென்றனர். பேச்சுத்துணையின்மைக்கு வடகோடி ஊரில் மாற்று கிடைக்கவில்லை.

இதே ஃபின்மார்க்கில் இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வும் அக்காலத்திலேயே நடந்தது. சாமி மக்களின் மொழி பல தலைமுறைகளாக ஒடுக்கப்பட்டிருந்தது. நார்வேஜிய மொழி பேசவும் படிக்கவும் எழுதவும் அறிந்தோர்க்கே அங்கு அரசு நிலம் விற்கப்படும் என 1902-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. பெற்றோரே பிள்ளைகளிடம் தாய்மொழியை மறைத்தனர். 1979 முதல் 1981 வரை அல்டா ஆற்று அணைக்கு எதிராக நடந்த போராட்டம் அம்மக்களை எழுப்பியது. 1989-இல் கராஷோக் என்னும் ஊரில் சாமி நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. தொகையில் சிறியதாயினும் அம்மக்கள் கூடிப் பேசத் தமக்கென ஓர் அவையைப் பெற்றனர். பள்ளியிலும் அலுவலகத்திலும் அவர்கள் மொழி உரிமை பெறலாயிற்று. ஒரே நிலம், ஒரே குளிர். அவை அமைந்த மொழி தளிர்த்தது. அவை அமையாத மொழி இடம்பெயர்ந்தது.

பனியும் சொல்லும்

தமிழில் ‘பனி’ என்னும் சொல் மார்கழிப் புல்நுனியில் நிற்பதையும் குறிக்கும். வார்டோவின் வாசற்கதவை மூடுவதையும் குறிக்கும். பெரும்பொழுதுகளுள் முன்பனியும் பின்பனியும் உண்டு. எனினும் பனிக்கென ஒரு நிலம் ஐந்திணையுள் இல்லை. இக்குறையை நிரப்பவே புலம்பெயர்ந்த படைப்பாளர்கள் ‘ஆறாம் திணை’ என்னும் வழக்கைக் கொண்டுவந்தனர். 1980-களின் இறுதி முதல் ‘சுவடுகள்’, ‘சக்தி’ ஆகிய சிற்றிதழ்கள் நார்வேயிலிருந்து வெளிவந்தன. ‘சக்தி’ பெண்களின் குரலாக ஒலித்தது. கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன் அந்நாட்டில் குடியேறியவர். தமிழகத்தார் பலர் அவரை 2011-இல் வெளிவந்த ‘ஆடுகளம்’ திரைப்படத்தின் வாயிலாகவும் அறிவர்.

ஆறாம் திணைக்கு முதற்பொருள் பனிநிலமும் நெடும்யாமமும் எனலாம். கருப்பொருள் காட் மீனும் கம்பளியும் மீன்சாலையும். உரிப்பொருள் எது என்பதே கடினமான வினா. பிரிவு என்று பலர் கூறுவர். ஃபின்மார்க் தமிழரின் வரலாறு வேறொன்றைச் சுட்டுகிறது. பிரிந்தவர் ஒருநாள் வருவார் என்னும் நம்பிக்கை பாலைக்கு உண்டு. இங்கோ பிரிந்து வந்த ஊருக்குத் திரும்பும் வழி போரால் அடைபட்டது. வந்துசேர்ந்த ஊரில் அழைப்பாரும் இல்லை. அறியப்படாமையே இத்திணையின் உரிப்பொருள் எனக் கூறுதல் பொருந்தும்.

இன்று நார்வேயில் இலங்கை வழிவந்தோர் 15,000-க்கும் மேற்பட்டோர். ஓஸ்லோவும் அதன் சுற்றுப்புறமும் அவர்தம் முதன்மை வாழிடம். மீன் தொழிற்சாலைகளின் வரிசையில் 2004-க்குப் பிறகு லிதுவேனியரும் போலந்து நாட்டினரும் நிறைந்தனர். 1988-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதில் பெற்றோருடன் நார்வே வந்து, முதலில் ஹாமர்ஃபெஸ்டில் வாழ்ந்த குழந்தை ஒன்று பின்னர் ஓஸ்லோவில் வளர்ந்தது. 2011 சூலை 22-இல் ஊட்டோயா தீவில் நடந்த படுகொலையின்போது அப்பெண் நீந்தி உயிர்தப்பினார். 2015-இல் ஓஸ்லோ மாநகரின் துணை மேயரானார். 2021-இல் நார்வே நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் ஹம்சாயினி குணரத்தினம். வடகோடி ஊர்கள் தமிழரை நிறுத்திக்கொள்ள இயலவில்லை; ஆயினும் உயிர்தப்பி வந்தோர்க்கு முதல் கூரையையும் முதல் ஊதியத்தையும் தந்தவை அவையே. அந்நன்றி வரலாற்றில் எழுதப்பட வேண்டியது.

தொழிற்சாலை மக்களை ஓரூருக்குக் கொண்டுவந்து சேர்க்கும். அவர்களை அங்கே ஊராராக ஆக்குவது அதன் வேலையன்று. ஒசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் இரண்டாம் ஷிப்டு முடிந்து வருபவர் ஒரு கவிதையைப் படித்துக்காட்ட நான்கு பேர் கூடியிருக்கும் அறை ஒன்று இருப்பின், அவர் பெயர் அங்கே அறியப்படுகிறது. தெலுங்கும் கன்னடமும் பேசும் அண்டைவீட்டார் அவ்வறைக்கு அழைக்கப்பட்டால், பழைய வடகடல் வணிகர்கள் தம் கலப்புமொழிக்கு இட்ட பெயரின் பொருளும் இங்கே விளங்கும். பத்தாண்டு நிறைவில் ஓர் இலக்கிய வட்டம் தன் கூட்டப் பதிவேட்டைப் புரட்டும்போது, அதிலுள்ள வருகைக் கையெழுத்துகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். போட்ஸ்ஃபியோர்டின் மீன்சாலைத் தமிழர்க்குக் கிடைக்காதது அப்பதிவேடு.